ரிப்போர்ட்டில் 'எஸ்' போட்ட மருந்துகளில் எதை எடுப்பது? அம்மாவின் நீர்க்கடுப்பும் ஆன்டிபயாடிக் குழப்பமும்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு வாசகி நீளமான கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயரையும் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களையும் எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 64 வயது. பல வருஷமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு சாப்பிடுகிறார், சில மாதம் முன்பு டாபாகிளிஃப்ளோசினும் சேர்த்திருக்கிறார்கள். இந்த வருஷத்தில் இது மூன்றாவது நீர்க்கடுப்பு. முதல் இரண்டு தடவையும் தெருமுனை மெடிக்கலில் சொல்லி சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கி, எரிச்சல் நின்றதும் நிறுத்தி, மீதியை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார். இரண்டாவது தடவை அந்த மாத்திரை சாப்பிட்ட நாட்களில் சாயங்காலம் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, சர்க்கரைத் தண்ணீர் குடித்த பிறகு சரியாகியிருக்கிறது. 'மாத்திரை சூடு' என்று விட்டுவிட்டார்கள். மூன்றாவது தடவை புதுச்சேரியில் ஒரு டாக்டரிடம் போக, அவர் யூரின் கல்ச்சருக்கு (சிறுநீரில் இருக்கும் கிருமியை வளர்த்து, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் சோதனை) அனுப்பிவிட்டு செஃபிக்சிம் கொடுத்தார். ரிப்போர்ட்டில் ஈ.கோலை (குடலில் இருக்கும் ஒரு கிருமி), மில்லிலிட்டருக்கு ஒரு லட்சத்துக்கு மேல், இ.எஸ்.பி.எல். பாசிட்டிவ் என்று வந்தது. ஆம்பிசிலின், சிப்ரோஃப்ளாக்சசின், செஃப்ட்ரியாக்சோன், கோட்ரைமாக்சசோல் எல்லாவற்றுக்கும் 'ஆர்' (இந்தக் கிருமியிடம் கேட்காது), நைட்ரோஃபியூரண்டாயின், ஃபாஸ்ஃபோமைசின், அமிகாசின், மெரோபெனம் நான்குக்கும் 'எஸ்' (கேட்கும்). டாக்டர் நைட்ரோஃபியூரண்டாயின் 100 மில்லிகிராம், காலையும் இரவும், 5 நாள் என்று மாற்றி எழுதினார்.

சென்னையில் இருக்கும் தம்பி வாட்ஸப்பில் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "மெரோபெனத்துக்கு 0.25, நைட்ரோஃபியூரண்டாயினுக்கு 16, எண் குறைந்தால்தானே பவர் ஜாஸ்தி? இந்தச் சின்ன கேப்சூலை வைத்துக்கொண்டு எதற்கு இழுக்கிறார், அட்மிட் பண்ணி ஊசி போடச் சொல்" என்கிறார். இதற்குள் சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனதைப் பார்த்து அம்மா பயந்து, இரண்டாம் நாளே கேப்சூலை நிறுத்திவிட்டார். ஜுரம் இல்லை, கிட்னியின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் 0.9. பள்ளிக்கூட நாளில் பெனிசிலின் ஊசி போட்டுத் தடித்துப்போனதால் இதுவும் ஒத்துக்கொள்ளாதோ என்ற பயம் வேறு. கூடவே, 9 வயது மகனுக்குச் சளி இருமல், போன தடவை மிஞ்சிய அசித்ரோமைசின் சிரப் ஃபிரிட்ஜில் இருக்கிறது, கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கே அந்த டாக்டருக்குப் போன் செய்து, "இரண்டு நாளில் நிறுத்திவிட்டோம், மறுபடி எப்படித் தொடங்குவது, எத்தனை நாள்" என்று கேளுங்கள். மறைக்க வேண்டாம், திட்டினாலும் பரவாயில்லை. சிறுநீர் அடர்மஞ்சளாகவோ பழுப்பாகவோ போவது நைட்ரோஃபியூரண்டாயினின் நிறம்தான். கிட்னி கெட்டதற்கான அறிகுறி இல்லை, மருந்து முடிந்ததும் தானாகப் போய்விடும். அதைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் எடுத்தால் குமட்டும். நான் அம்மாவை நேரில் பார்க்கவில்லை, நீங்கள் எழுதியதை வைத்துத்தான் பேசுகிறேன், ஆனால் எழுதியதெல்லாம் அப்படியே என்றால் அந்த டாக்டர் தேர்ந்தெடுத்தது நல்ல மருந்து. ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன், தம்பிக்கும் அனுப்புங்கள்.

அந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது

தம்பி செய்த தப்பு படித்தவர்கள் நிறையப் பேர் செய்வது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். லேபில் அம்மாவின் சிறுநீரில் வளர்ந்த கிருமியை எடுத்து ஒவ்வொரு மருந்தின் பல அளவுகளிலும் விட்டுப் பார்க்கிறார்கள். எந்தக் குறைந்த அளவில் கிருமி வளராமல் நிற்கிறதோ அதுதான் மருந்துப் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எண், ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்ற கணக்கு. ஆனால் ஒவ்வொரு மருந்துக்கும் பாஸ் மார்க் வேறு. ஈ.கோலை கிருமிக்கு மெரோபெனம் என்றால் 1 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் 'எஸ்'. நைட்ரோஃபியூரண்டாயினுக்கு 32 வரை 'எஸ்'. அதனால் 0.25 என்பதும் 16 என்பதும் அவரவர் கோட்டுக்குள் பாஸ் ஆனவை, அவ்வளவுதான். 16ஐயும் 0.25ஐயும் பக்கத்தில் வைத்து எது பெரியது என்று பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

ஏன் ஒரு மருந்துக்கு 32 வரை இடம் கொடுத்திருக்கிறார்கள்? நைட்ரோஃபியூரண்டாயின் ரத்தத்தில் ரொம்பக் கொஞ்சம்தான் தங்கும், பெரும்பகுதி வேகமாகச் சிறுநீருக்குள் இறங்கிச் செறிந்து நிற்கும், அங்கே அதன் அளவு 16ஐத் தாண்டி எங்கேயோ இருக்கும். அம்மாவின் கிருமி இருப்பது மூத்திரப்பையில். மருந்து சேருவதும் அங்கேயேதான். ரத்தத்திலும் குடலிலும் அதிகம் அலையாததால் மற்ற நல்ல கிருமிகளுக்கும் சேதம் குறைவு. ஆனால் இதே குணம்தான் அதன் எல்லையும். கிருமி மேலே ஏறி கிட்னித் திசுவுக்குள் போய்விட்டால், ரத்தத்தில் கலந்துவிட்டால், இந்த கேப்சூல் உதவாது. அதனால்தான் ஜுரம் உண்டா, விலாவில் வலி உண்டா என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டிருப்பார். கிட்னியின் வேலை நன்றாகக் குறைந்தவர்களுக்கும் இது சரிப்படாது, மருந்து சிறுநீரில் போதுமான அளவு சேராது. 64 வயதில் கிரியாட்டினின் 0.9 என்றால் அந்தக் கவலை இல்லை. ஜெலூசில் மாதிரி அசிடிட்டி மருந்து அம்மா குடிக்கிறார் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், மக்னீசியம் டிரைசிலிக்கேட் சேர்ந்த அசிடிட்டி மருந்துகள் இந்த கேப்சூல் உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும்.

சரி, மெரோபெனம் போட்டால் கிருமி சாகாதா என்றால், சாகும். ஆனால் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை ஆகும். நரம்பு வழியாக ஒரு நாளில் பல தடவை போட வேண்டிய ஊசி, ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும், படுத்த இடத்தில் இதைவிட மோசமான கிருமி ஒட்டிக்கொள்ளலாம், குடலில் இருக்கும் மற்ற கிருமிகள் மெரோபெனத்தையும் ஜெயிக்கக் கற்றுக்கொள்ளலாம். அப்படிக் கற்றுக்கொண்ட கிருமிகள் நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன, அவற்றுக்கு மிஞ்சியிருப்பது கொலிஸ்டின் மாதிரி கிட்னியைப் பாதிக்கக்கூடிய பழைய மருந்துகள்தான். (கோழித் தீவனத்தில் கொலிஸ்டினைக் கலக்கக் கூடாது என்று மத்திய அரசு 2019இல் தடை போட்டது இதனால்தான்.) யாராவது "ஊசி வேண்டாம், ஃபரோபெனம் என்று மாத்திரையாகவே கிடைக்கிறது" என்று சொன்னாலும் சரி என்று தலையாட்டாதீர்கள். அதுவும் மெரோபெனத்துக்கு நெருங்கிய சொந்தம், இந்த மாதிரிச் சாதாரண நீர்க்கடுப்புக்கு எடுத்துச் செலவழிக்க வேண்டிய மருந்து இல்லை.

உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் மருந்துக் குடும்பங்கள்

ஆன்டிபயாடிக் என்றால் ஒரே வரிசையில் கீழே மெதுவானது, மேலே பலமானது என்று ஏணி மாதிரி இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குடும்பம் குடும்பமாக இருக்கின்றன, ஒவ்வொன்றும் கிருமியின் வேறு வேறு உறுப்பைத் தாக்கும், உடம்பில் வேறு வேறு இடத்துக்குப் போய்ச் சேரும்.

ஆம்பிசிலின், அமாக்சிசிலின் எல்லாம் பெனிசிலின் குடும்பம். செஃபிக்சிம், செஃப்ட்ரியாக்சோன் செஃபலோஸ்போரின் குடும்பம். மெரோபெனம், எர்டாபெனம் கார்பபெனம். இந்த மூன்று குடும்பத்துக்கும் பாட்டன் ஒன்றுதான், பீட்டா லாக்டம் என்ற வளையம். கிருமியைச் சுற்றி ஒரு சுவர் உண்டு, அதைக் கட்டவிடாமல் செய்து கிருமியை வெடிக்க வைப்பது இவற்றின் வேலை. நம் செல்களுக்கு அந்தச் சுவர் கிடையாது, அதனால்தான் இவை பொதுவாக நமக்குப் பத்திரமானவை. இ.எஸ்.பி.எல். என்று சிவப்பில் அச்சாகியிருப்பதைப் பார்த்து 'புது வியாதியா' என்று கேட்டிருக்கிறீர்கள். வியாதி இல்லை. அந்த ஈ.கோலை ஒரு என்சைமைச் சுரந்து பெனிசிலின்களையும் செஃப்ட்ரியாக்சோன் வரையிலான செஃபலோஸ்போரின்களையும் உடைத்துப் போட்டுவிடுகிறது என்று அர்த்தம். செஃபிக்சிம் கேட்காமல் போனதும் அதனால்தான். ரிப்போர்ட் வருமுன் அதைக் கொடுத்தது தப்பில்லை, கல்ச்சர் வர இரண்டு மூன்று நாளாகும், அதுவரை ஒரு கணிப்பில்தான் தொடங்க வேண்டும், ரிப்போர்ட் வந்ததும் மாற்ற வேண்டும். அவர் மாற்றியிருக்கிறார்.

அமிகாசின், ஜென்டாமைசின் அமினோகிளைக்கோசைடு குடும்பம். கிருமி புரதம் செய்யும் இடத்தைக் குலைப்பவை. சிறுநீர்த் தொற்றில் நன்றாக வேலை செய்யும், ஆனால் ஊசியாகத்தான் போட முடியும், கிட்னியையும் காதையும் பாதிக்கலாம். சர்க்கரை உள்ள 64 வயதுக்காரருக்கு வேறு வழி இருக்கும்போது அதை முதலில் தொட மாட்டேன். ஃபாஸ்ஃபோமைசின் தனி ஆள், எந்தக் குடும்பத்திலும் சேராது. 3 கிராம் பவுடர் பாக்கெட், தண்ணீரில் கரைத்து ஒரே தடவை, ராத்திரி சிறுநீர் கழித்துவிட்டுப் படுக்கப் போகும்போது குடிப்பது. அம்மாவுக்கு நைட்ரோஃபியூரண்டாயின் குமட்டலால் முடியவே இல்லை என்றால் டாக்டரிடம் இதைப் பற்றிக் கேட்கலாம். கோட்ரைமாக்சசோல் சல்ஃபா வகை, கிருமி ஃபோலிக் அமிலம் தயாரிப்பதைத் தடுப்பது. ரிப்போர்ட்டில் 'ஆர்' என்பதால் இப்போது பேச்சே இல்லை.

சிப்ரோவும் அந்தச் சாயங்கால நடுக்கமும்

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திப் படிக்க வைத்தது இந்த வரிதான், நீங்களோ போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். வியர்வை, கை நடுக்கம், சர்க்கரைத் தண்ணீர் குடித்ததும் சரியானது. அது சூடு இல்லை. பெரும்பாலும் சர்க்கரை தாழ்ந்துபோனதுதான். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் எல்லாம் ஃப்ளூரோகுவினோலோன் குடும்பம். கிருமியின் டி.என்.ஏ. நகலெடுப்பதைத் தடுப்பவை. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை சாப்பிடும் வயதானவர்களுக்கு இவை சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் இதைக் குறித்தே எச்சரிக்கையைக் கடுமையாக்கியது, கோமா வரை போனவர்கள் உண்டு என்பதால். குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் அந்தத் தசைநாண் வீங்குவது, அறுவது, வயதானவர்களுக்குக் குழப்பம் வருவது, இதெல்லாமும் இந்தக் குடும்பத்தின் பக்கவிளைவுகளில் உண்டு.

இது கெட்ட மருந்து என்று சொல்ல வரவில்லை. உயிரைக் காப்பாற்றும் இடங்கள் இதற்கு உண்டு. ஆனால் சர்க்கரை மாத்திரை என்ன சாப்பிடுகிறார் என்று ஒரு வார்த்தை கேட்காமல் கவுன்டரில் எடுத்துக் கொடுக்கும் மருந்து இல்லை. இனி எந்த டாக்டரிடம் போனாலும் 'சிப்ரோ சாப்பிட்டபோது சர்க்கரை இறங்கியது மாதிரி இருந்தது' என்று சொல்லுங்கள். அம்மாவின் சர்க்கரை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியே வையுங்கள்.

இன்னொன்று. 'அம்மா உடம்பு ஆன்டிபயாடிக்குக்குப் பழகிவிட்டதா' என்று கேட்டிருக்கிறீர்கள். பழகியது உடம்பு இல்லை, கிருமி. குடலில் கோடிக்கணக்கான ஈ.கோலை எப்போதும் இருக்கும். சிப்ரோ ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் அதற்கு அடங்குபவை சாகும், அடங்காத கொஞ்சம் பேர் பிழைத்துப் பெருகுவார்கள், எதிர்ப்புச் சக்திக்கான மரபணுவைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுப்பார்கள். அடுத்த நீர்க்கடுப்புக்கு வருவது அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருக்க வாய்ப்பு அதிகம். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945இல் நோபல் பரிசு வாங்கியபோது பேசிய உரையிலேயே, போதாத அளவில் மருந்தெடுத்தால் கிருமிகள் எதிர்த்து நிற்கக் கற்றுக்கொள்ளும் என்று எச்சரித்திருக்கிறார். அதற்காக 'ஐந்து நாளைப் பத்து நாளாக்கினால் இன்னும் நல்லதுதானே' என்று நீங்கள் கேட்டதற்கும் பதில், இல்லை. தேவைக்கு மேல் ஒவ்வொரு நாளும் குடலில் இருக்கும் கிருமிகளுக்கு இன்னொரு பாடம். மூத்திரப்பைத் தொற்றுக்கு இந்த மருந்து 5 நாள் போதும் என்பது சோதித்துப் பார்த்து வந்த கணக்கு. தொண்டையில் ஸ்ட்ரெப் கிருமிக்குப் பெனிசிலின் 10 நாள் கொடுப்பதும் அப்படி வந்ததுதான். எத்தனை நாள் என்பது மருந்தையும் நோயையும் பொறுத்தது, எரிச்சல் நின்றதா என்பதைப் பொறுத்தது இல்லை.

பெனிசிலின் அலர்ஜி

நைட்ரோஃபியூரண்டாயினுக்கும் பெனிசிலினுக்கும் எந்தச் சொந்தமும் கிடையாது, அந்தப் பயத்தை விடுங்கள். ஆனால் அம்மாவின் பழைய அலர்ஜியை இதோடு மூடிவிடவும் வேண்டாம். நிதானமாக உட்கார்ந்து கேளுங்கள்: ஊசி போட்டு எத்தனை நேரத்தில் தடித்தது, உடனேயா, மறுநாளா? முகம், உதடு வீங்கியதா? மூச்சுத் திணறியதா, மயங்கி விழுந்தாரா? அதற்கப்புறம் எப்போதாவது அமாக்சிசிலின் சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல் இருந்ததா? உடனே மூச்சுத் திணறல், மயக்கம் என்றால் அது பெரிய விஷயம். ஒருநாள் கழித்து லேசாகத் தடித்து அடங்கியது என்றால் அந்த நாள் ஜுரத்தாலேயே வந்த தடிப்பாகக்கூட இருக்கலாம். அமெரிக்காவில் நோயாளிகளில் பத்தில் ஒருவர் தனக்குப் பெனிசிலின் அலர்ஜி என்கிறார், முறையாகச் சோதித்தால் நிஜமாக அலர்ஜி இருப்பது மொத்த மக்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. நிஜமான அலர்ஜியும் வருஷம் போகப் போகப் பலருக்குத் தேய்ந்துவிடும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 'பெனிசிலின் அலர்ஜி' என்று ஒருவர் சீட்டில் ஏறிவிட்டால் வாழ்நாள் முழுக்க அவருக்கு எளிய நல்ல மருந்துகள் கிடைக்காமல், அதிகப் பக்கவிளைவும் அதிக விலையும் உள்ளவைதான் எழுதப்படும். அம்மா செஃபிக்சிம் இரண்டு மூன்று நாள் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்பது நல்ல தகவல், அதையும் குறித்து வையுங்கள். ஆனால் செஃபிக்சிம் ஒத்துக்கொண்டதால் பெனிசிலினும் ஒத்துக்கொள்ளும் என்று ஆகாது. வீட்டில் ஒரு அமாக்சிசிலின் கொடுத்துப் பார்க்கலாம் என்ற யோசனை மட்டும் கூடவே கூடாது. அலர்ஜி பரிசோதனை செய்யும் வசதி உள்ள ஆஸ்பத்திரியில், அவசர மருந்து பக்கத்தில் இருக்க, டாக்டர் பார்வையில் செய்ய வேண்டிய வேலை அது.

மகனின் சிரப், பிஸ்கட் டின், மெடிக்கல் ஷாப்

மகனுக்கு அந்த சிரப் வேண்டாம். மூக்கொழுகல், தொண்டைக் கரகரப்பு, இருமல் எல்லாம் சேர்ந்து வந்தால் அநேகமாக வைரஸ். அசித்ரோமைசின் வைரஸை ஒன்றும் செய்யாது. அதோடு, பவுடரில் தண்ணீர் கலந்த சிரப்பின் ஆயுள் சில நாள்தான், லேபிளில் போட்டிருக்கும், போன தடவை கலந்தது என்றால் எப்போதோ முடிந்திருக்கும். வெந்நீர், ஓய்வு, ஜுரத்துக்கு எடைக்கேற்ற பாரசிட்டமால் போதும். மூச்சு வேகமாக வாங்கினால், விலா உள்ளே இழுத்தால், காது வலித்தால், மூன்று நாளுக்கு மேல் ஜுரம் நின்றால் குழந்தை டாக்டரிடம் போங்கள். விடுமுறைக்குப் பண்ருட்டிப் பக்கம் தாத்தா வீட்டு முந்திரித் தோப்பில் விளையாடிவிட்டு வருவான் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதையும் சொல்கிறேன்: சளியே இல்லாமல் ஜுரம் மட்டும் நாலைந்து நாள் நிற்காமல் காய்ந்தால் அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்னால், இடுப்பு நாடா படும் இடம் எல்லாம் வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் கறுத்து, சுற்றிலும் சிவந்து, வலிக்காத ஒரு சின்னப் புண் இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்கரப் டைஃபஸ் என்ற உண்ணிப்பூச்சி ஜுரம் புதுச்சேரி, கடலூர் பக்கத்தில் நிஜமாகவே இருக்கிறது. அதற்கு டெட்ராசைக்ளின் குடும்பத்து டாக்சிசைக்ளின் அருமையாகக் கேட்கும், அசித்ரோமைசினும் கேட்கும். அமாக்சிசிலினோ செஃபிக்சிமோ கேட்கவே கேட்காது, எத்தனை நாள் கொடுத்தாலும்.

பிஸ்கட் டின்னில் இருப்பதை அடுத்த தடவைக்கு என்று வைக்காதீர்கள். குப்பைக்கும் சிங்க்குக்கும் போகாமல், அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போய் மருந்தகத்தில் எப்படி அப்புறப்படுத்துவது என்று கேளுங்கள்.

மெடிக்கல் ஷாப்காரர் தெரிந்தவர், நல்ல மனுஷர் என்கிறீர்கள், இருக்கட்டும். ஆன்டிபயாடிக் அட்டையின் பின்பக்கம் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு ஓடும், பாருங்கள், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. செஃபிக்சிம், லெவோஃப்ளாக்சசின், மெரோபெனம் மாதிரியானவை 2014 மார்ச் 1 முதல் 'ஷெட்யூல் எச்1' என்ற தனிப் பட்டியலில் இருக்கின்றன. யாருக்கு, எந்த டாக்டர் எழுதியது, எவ்வளவு கொடுத்தோம் என்று கடைக்காரர் பதிவேட்டில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். சீட்டு கேட்டால் கோபப்படாதீர்கள், அவர் சட்டப்படி நடக்கிறார்.

முதல் தடவை ஒரு நர்சிங் ஹோமில் எடுத்த கல்ச்சர் ரிப்போர்ட்டைத் தர மறுக்கிறார்கள் என்பதைக் கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். எழுத்தில் கேளுங்கள். மருத்துவப் பதிவுகளை நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளில் இருக்கிறது. பழைய ரிப்போர்ட் கையில் இருந்தால் அடுத்த டாக்டரின் முதல் கணிப்பு சரியாக அமையும். அதில் 'பல கிருமிக் கலப்பு' என்று வந்ததாகச் சொல்கிறீர்கள், அது பெரும்பாலும் சாம்பிள் எடுத்த விதத்தில் வந்த கோளாறு. நன்றாகக் கழுவிக்கொண்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். காலையில் வீட்டில் பிடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு கடலூர் வெயிலில் பஸ் ஏறி, மதியம் புதுச்சேரியில் கொடுத்தால் வழியிலேயே கிருமிகள் பெருகிவிடும். லேபிலேயே பிடித்துக் கொடுப்பது நல்லது.

திரும்பத் திரும்ப வராமல் இருக்க

ஒரு வருஷத்தில் மூன்று தடவை என்றால் காரணம் தேட வேண்டிய நிலை. சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஒரு ஸ்கேன் பார்க்கச் சொல்லுங்கள், பல வருஷச் சர்க்கரையில் பை முழுசாகக் காலியாகாமல் போகும். கல் இருக்கிறதா என்பதும் அதிலேயே தெரியும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் பாருங்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரஜன் கிரீம் இந்தத் தொற்று திரும்ப வருவதைக் குறைக்கும், மகளிர் மருத்துவரிடம் கேளுங்கள், மார்பகப் புற்று வந்தவர் என்றால் அதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அம்மா கூச்சப்படுவார், நீங்கள் கூடப் போங்கள். இன்னொன்று, டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மருந்து, அதனால் சிலருக்கு வெளிப்புறத்தில் பூஞ்சைத் தொற்று வந்து அரிப்பும் எரிச்சலும் இருக்கும். அதை நீர்க்கடுப்பு என்று நினைத்து ஆன்டிபயாடிக் கொடுத்தால் பூஞ்சை இன்னும் அதிகமாகும். அரிப்பு இருக்கிறதா, வெள்ளையாகப் படிகிறதா என்று கேட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மாதா மாதம் கல்ச்சர் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், எடுக்காதீர்கள். வயதான சர்க்கரைக்காரப் பெண்கள் பலருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலேயே சிறுநீரில் கிருமி இருக்கும். கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் ஆபரேஷன் செய்யப் போகிறவர்களுக்கும்தான் அதற்கு மருந்து தேவை. மற்றவர்களுக்குக் கொடுத்தால் பலனில்லை, அடுத்த ரிப்போர்ட்டில் இன்னும் இரண்டு 'ஆர்' கூடும். எரிச்சல், அடிக்கடி போவது, அடிவயிற்று வலி என்று தொந்தரவு வந்தால் மட்டும், முதல் மாத்திரை போடும் முன் கல்ச்சர் கொடுங்கள்.

ஒரே ஒரு நிலைமையில் காத்திருக்கக் கூடாது. குளிர் நடுக்கத்தோடு ஜுரம், இடுப்புக்கு மேலே பக்கவாட்டில் வலி, நிற்காத வாந்தி, பேச்சில் தடுமாற்றம், சிறுநீர் குறைவது, இதில் ஏதாவது வந்தால் ராத்திரி எத்தனை மணியானாலும் மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ, கோரிமேடு ஜிப்மருக்கோ, எது பக்கமோ அங்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். வண்டி இல்லை என்றால் 108. இ.எஸ்.பி.எல். என்று எழுதிய இந்த ரிப்போர்ட்டின் நகலைக் கையோடு கொண்டுபோய் முதலில் பார்க்கும் டாக்டரிடமே நீட்டுங்கள். மெரோபெனம் மாதிரி ஊசி தேவைப்படும் நேரம் அதுதான், அப்போது தம்பி சொல்வது சரி, தயங்காமல் அட்மிட் ஆகுங்கள்.